விரலை வைத்தால் பேர் விழுமா?



சென்ற மாதம் மேற்பிரிவு லயத்து அம்மா ஒருவர் எமது கந்தோருக்கு வந்தார். அவருடைய மகன் வெளிநாட்டில் ஒரு பெரிய எண்ணெய்க் களஞ்சியத்தில் வேலை செய்கிறார். "ஐயா, மகனுக்குக் கழுத்துல ஒரு காட் மாட்டி விட்டிருக்காங்களாம். வெரல வச்சாத்தான் அது வேலை செய்யுமாம். எங்க போனாலும், கக்கூசுக்குப் போனாக்கூட, கம்பனிக்காரனுக்குத் தெரிஞ்சிருமாம். வெரல் பதியலன்னா சம்பளமும் இல்லையாம். நெசமாங்க ஐயா?" என்று கேட்டார்.

அந்த அம்மாவுக்குச் சொன்ன பதிலை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம். ஏனென்றால் இது அந்த ஒரு வீட்டுக் கதை அல்ல. எமது பிள்ளைகள் கட்டுநாயக்கா, பியகம ஆடைத் தொழிற்சாலைகளிலும், கொழும்புக் கடைகளிலும், வெளிநாட்டிலும் வேலை செய்கிறார்கள். கைரேகை மெஷினும் அடையாள அட்டையும் இன்று பல வேலைத்தலங்களின் வாசலில் நிற்கின்றன. தோட்டத்துக்கும் அவை வராமல் போகப் போவதில்லை.

கைநாட்டும் கைரேகையும்

எமது பாட்டன் பாட்டிமார் செக்ரோலில் கைநாட்டு வைத்துத்தான் சம்பளம் வாங்கினார்கள். "கைநாட்டு" என்று சொல்லிக் கேலி செய்தவர்களும் உண்டு. ஆனால் அந்தக் கைநாட்டுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1858ஆம் ஆண்டு வங்காளத்தின் ஊக்ளிப் பகுதியில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, ஒப்பந்தக்காரர் ஒருவரின் முழுக் கையையும் மையில் தோய்த்து ஒப்பந்தத்தில் பதிய வைத்தார். பிறகு "நான் போடவில்லை" என்று அவர் மறுக்கக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்தார். 1897இல் கல்கத்தாவில் கைரேகைக்கென்று ஒரு பணியகமே திறந்தார்கள். இன்று பட்டம் படித்தவரும் விரல் வைத்துத்தான் கந்தோருக்குள் போகிறார்.

விரலில் உள்ள கோடுகள் நாம் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உண்டாகிவிடுகின்றன. இரட்டைப் பிள்ளைகளுக்குக் கூட அவை ஒன்றாக இருப்பதில்லை. மெஷின் அந்தக் கோடுகள் எங்கே முடிகின்றன, எங்கே இரண்டாகப் பிரிகின்றன என்று பார்த்து, அந்த இடங்களை எண்களாக மாற்றி வைத்துக்கொள்கிறது. மறுநாள் விரலை வைத்ததும் புதிய எண்களையும் பழைய எண்களையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது.

இங்கே ஒரு விசயத்தைக் கவனியுங்கள். இரண்டும் நூற்றுக்கு நூறு ஒன்றாக இருப்பதில்லை. "இவ்வளவு ஒத்துப்போனால் போதும்" என்று ஓர் அளவை மனிதர்தான் வைக்கிறார். பெக்டரியில் தூள் சலிக்கும் சல்லடை மாதிரித்தான் இதுவும். கண் சிறுத்தால் நல்ல தூளும் மேலே தங்கிவிடும். கண் பெருத்தால் குச்சியும் கீழே விழுந்துவிடும். அளவை இறுக்கினால் உண்மையான ஆளையே மெஷின் "இல்லை" என்று தள்ளிவிடும். தளர்த்தினால் வேறு ஆளையும் ஏற்றுக்கொள்ளும். ஆகவே "மெஷின் பொய் சொல்லாது" என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம். மெஷினும் தவறும்.

கழுத்தில் தொங்கும் அட்டை

சாதாரண அட்டைக்குள் மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும் ஒரு சின்னஞ்சிறு சில்லும் இருக்கும். பட்டரி கிடையாது. வாசலில் உள்ள கருவிக்குப் பக்கத்தில் பிடித்ததும் அந்தக் கருவியிலிருந்தே சக்தியை வாங்கி, தன் இலக்கத்தைச் சொல்லும். பெரும்பாலும் சில அங்குல தூரத்துக்குள்தான் வேலை செய்யும். இதில் ஒரு குறை இருக்கிறது. அட்டை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அந்த ஆள் என்று கருவி நினைத்துக்கொள்ளும். தொலைந்த அட்டையை எடுத்தவரும் உள்ளே போகலாம். வராத கூட்டாளிக்காக இன்னொருவர் அட்டையைக் காட்டிவிடலாம்.

அதைத் தடுக்கத்தான் விரல் வைக்கும் அட்டை வந்தது. இதில் பட்டரியும், விரலைப் படிக்கும் சிறு தகடும் உண்டு. முதல் நாள் உங்கள் விரலின் எண்களை அட்டைக்குள்ளேயே பதிந்துவிடுவார்கள். பிறகு நீங்கள் விரலை வைத்து அது ஒத்துப்போனால்தான் அட்டை விழித்துக்கொண்டு வானொலி அலையில் தன் இலக்கத்தை அனுப்பும். குறித்த நேரம் முடிந்ததும் தூங்கிவிடும். அடுத்தவர் கையில் அது வெறும் பிளாஸ்டிக் துண்டுதான்.

இதில் தொழிலாளிக்கும் ஒரு நன்மை இருக்கிறது. விரல் எண்கள் அட்டையை விட்டு வெளியே போகாதபடி செய்திருந்தால், கம்பனிக் கணனியில் உங்கள் கைரேகை இருக்காது. வாசலில் மாட்டிய கைரேகை மெஷின் அப்படியல்ல. அதில் எல்லோருடைய விரல் எண்களும் ஒரே இடத்தில் சேர்ந்து கிடக்கும்.

எங்கே நிற்கிறோம் என்று தெரியுமா?

அந்த அம்மாவின் கேள்வி இதுதான். முழுப் பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல.

சில அங்குல தூரத்தில் வேலை செய்யும் அட்டையானால், எந்தக் கதவால் எத்தனை மணிக்குப் போனீர்கள் என்பது மட்டும் பதியும். பட்டரி உள்ள அட்டை தானாகவே விட்டு விட்டு அலை அனுப்பினால், கூரையில் மாட்டிய கருவிகள் அதைப் பல யார் தூரத்திலிருந்தே பிடித்து, நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று கணக்குப் போடும். கக்கூசு வாசலில் கருவி இருந்தால் அதுவும் பதியும். ஆனால் கருவி இல்லாத இடத்தில் ஒன்றும் தெரியாது. வேலைத்தலத்தை விட்டு அறைக்குப் போன பிறகு அந்தக் கருவிகளுக்கு எட்டாது.

எண்ணெய்க் களஞ்சியம், விமான நிலையம், மின் நிலையம் போன்ற இடங்களில் இதற்கு நியாயமான தேவை இருக்கிறது. தீப்பிடித்தால் உள்ளே எத்தனை பேர், யார் யார் என்று உடனே தெரிய வேண்டும். காலையில் நாம் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணுகிறோமே, அதே வேலைதான். அந்த நேரத்தில் அந்த அட்டை மகனின் உயிரைக் காப்பாற்றும். இதைச் சொன்னதும் அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் மனம் ஆறியது.

ஆனால் தீக்காகப் போட்ட அட்டையை வைத்து, எத்தனை நிமிசம் தண்ணி குடிக்கப் போனாய், யாரோடு நின்று பேசினாய் என்று கேட்கத் தொடங்கினால், அது பாதுகாப்பு இல்லை, வேவு பார்ப்பது. இரண்டையும் பிரித்துப் பார்க்க நாம் பழக வேண்டும்.

எமது கைகளுக்கு வரும் கஷ்டம்

கந்தோரில் பேனா பிடிக்கும் விரலும் மலையில் கொழுந்து எடுக்கும் விரலும் ஒன்றல்ல. கொழுந்துக் கறை, கவ்வாத்துக் கத்தி வெட்டு, சுண்ணாம்பு, சீமெந்து எல்லாம் விரல் கோடுகளைத் தேய்த்துவிடும், மறைத்துவிடும். வயது போனால் தோல் சுருங்கும். மழையில் ஊறின விரலும் சரி, குளிரில் காய்ந்து வெடித்த விரலும் சரி, மெஷினுக்குச் சரியாகத் தெரியாது. இந்தியாவில் 2009இல் தொடங்கிய ஆதார் திட்டத்தில் பத்து விரலோடு இரண்டு கண்களையும் பதிகிறார்கள். ஒன்று சரிவராவிட்டால் மற்றது உதவும்.

எமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்துப் பெக்டரியில் நடந்ததைச் சொல்கிறோம். தூள் சலிக்கும் பகுதியில் வேலை செய்த அக்கா ஒருவருக்கு ஒரே மாதத்தில் மூன்று பேர் விழவில்லை. மூன்று நாளும் வேலைக்கு வந்தவர்தான். மெஷின் அவர் விரலைப் படிக்கவில்லை. "உள்ள போ, பிறகு பார்ப்போம்" என்று சொன்னவர்கள் பிறகு பார்க்கவே இல்லை. எம்மிடம் வந்தபோது நாமும் முதலில் மெஷினைத்தான் நம்பினோம். "சரியா நினைச்சுப் பாருங்க அக்கா, அன்னைக்கு லீவு போட்டிருப்பீங்க" என்று சொல்லிவிட்டோம். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. பிறகு வேலைப் பகுதிக் குறிப்புப் புத்தகத்தில் இரண்டு நாளுக்கு அவர் பெயர் இருந்தது. அந்த இரண்டு பேரும் கிடைத்தன. மூன்றாவது நாளுக்கு எங்கேயும் ஓர் எழுத்து இல்லை. அந்தப் பேர் போனது போனதுதான்.

ஒரு பேர் போனால் அன்றைய சம்பளம் மட்டும் போவதில்லை. அந்தச் சம்பளத்துக்கு நிர்வாகம் கட்ட வேண்டிய சேமலாப நிதி 12 சதவீதமும், நம்பிக்கை நிதி 3 சதவீதமும் சேர்ந்து போகிறது. வயதான காலத்தில் கைக்கு வர வேண்டிய காசு அது.

சட்டம் என்ன சொல்கிறது?

எமது நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. ஆளை அடையாளம் காட்டும் கைரேகை போன்ற விபரங்களை அது விசேட வகையில் சேர்த்திருக்கிறது. அதாவது, சாதாரணப் பெயர் விலாசத்தை விட அதிக கவனத்தோடு கையாள வேண்டிய விபரம் அது.

இங்கிலாந்தில் 2024 பெப்ரவரியில் நடந்ததையும் கேளுங்கள். சேர்க்கோ லெஷர் என்ற நிறுவனம் 38 உடற்பயிற்சி நிலையங்களில் 2,000க்கும் மேற்பட்ட ஊழியர்களின் வரவைப் பதிய முகத்தையும் விரலையும் படிக்கும் மெஷின்களை வைத்திருந்தது. அதை நிறுத்தும்படி அந்த நாட்டுத் தகவல் ஆணையாளர் அலுவலகம் உத்தரவிட்டது. வரவு பதிய சாதாரண அட்டையே போதும் என்றிருக்க விரலை ஏன் கேட்க வேண்டும் என்பதுதான் அதன் நியாயம். அட்டை தொலைந்தால் புதிய அட்டை வாங்கலாம். விரல் விபரம் களவு போனால் புதிய விரல் வாங்க முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. விரல் பதியும் முன்னர், எதற்காக, எங்கே வைத்திருப்பீர்கள், வேலையை விட்டுப் போனால் அழித்துவிடுவீர்களா என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது குற்றமல்ல.

2. ஒரு விரலோடு நிறுத்தாமல் இரண்டு கையிலும் இரண்டு மூன்று விரல்களைப் பதியச் சொல்லுங்கள். அதிகம் தேயாத மோதிர விரல் சில நேரம் நன்றாகப் பிடிக்கும்.

3. விரலைக் கழுவி, துடைத்து, காய வைத்த பிறகு வையுங்கள். குளிரென்றால் கையைத் தேய்த்துச் சூடாக்குங்கள். காயம் பட்டால் வேறு விரலைப் பதியக் கேளுங்கள்.

4. மெஷின் எடுக்காவிட்டால் சும்மா உள்ளே போய்விட வேண்டாம். அன்றே கங்காணியிடமோ கிளாக்கரிடமோ சொல்லி, புத்தகத்தில் எழுத வைத்து, எழுதியதைக் கண்ணால் பாருங்கள்.

5. உங்கள் அட்டையை யாருக்கும் கொடுக்க வேண்டாம். மற்றவருக்காக நீங்களும் காட்ட வேண்டாம். உதவி என்று நினைத்துச் செய்தாலும் வேலைக்கே ஆபத்து.

6. கலண்டரிலோ பிள்ளையின் பழைய கொப்பியிலோ வேலை செய்த நாட்களைத் தினமும் குறித்து வையுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். சம்பளச் சீட்டு வந்ததும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அன்று வைத்த கைநாட்டு காகிதத்தில் கண் முன்னே இருந்தது. இன்று வைக்கும் விரல் எங்கே பதிகிறது என்று எமக்குத் தெரிவதில்லை. அதனால்தான் எமது கணக்கும் எமது கையில் இருக்க வேண்டும்.

மகனிடம் இந்த ஆறையும் போனில் சொல்லும்படி அந்த அம்மாவிடம் கூறினோம். அவர் ஆறாவதை மட்டும் இரண்டு தரம் கேட்டுவிட்டுப் போனார். உங்கள் வீட்டிலும் பேர் விழாமல் போயிருந்தால் மாதம் தாண்டும் வரை காத்திருக்க வேண்டாம். சம்பளச் சீட்டையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு எமது கந்தோருக்கு வாருங்கள். இனி நாம் முதலில் உங்கள் கொப்பியைத்தான் பார்ப்போம்.