யானை நீந்தும் மலைச்சாரலும் கரையோர நகரங்களும்

ஆபிரிக்கக் கண்டத்தின் நடுவே ருவாண்டா என்றொரு சிறு நாடு உண்டு. பரப்பில் நம் இலங்கையின் பாதிக்கும் குறைவானது. எங்கு நோக்கினும் குன்றுகளே. ஆதலால் 'ஆயிரம் குன்றுகளின் நாடு' என்று பெயர் பெற்றது. எரிமலைச் சாரல்களில் வாழும் மலைக் கொரில்லாக்களைக் காணவும், கிகாலி என்னும் தலைநகரின் தூய தெருக்களில் உலாவவும் உலகத்தார் அங்கே திரள்கின்றனர். கொரில்லாவைக் காண்பதற்கு வெளிநாட்டார் ஒருவர் செலுத்தவேண்டிய கட்டணம் 2017ஆம் ஆண்டு முதல் 1,500 அமெரிக்க டொலர். நம் போன்ற சம்பளக்காரர்க்கு அது கனவிலும் எட்டாத தொகை. ஆயினும், மலையையும் வனவிலங்கையும் ஒரு நாளும், நகரத்துப் பண்பாட்டை மறு நாளுமாகக் காண விரும்பும் கிழக்கிலங்கைக் குடும்பத்தார் விமானம் ஏறவேண்டியதில்லை. கல்முனையில் பஸ் ஏறினாற் போதும்.

காரைதீவு, சம்மாந்துறை வழியாக அம்பாறையை அடைந்து, அங்கிருந்து இங்கினியாகலைக்குச் செல்லும் பாதையில் வயல்வெளிகள் மெல்ல மெல்லப் பின்தங்கக் குன்றுகள் தலைகாட்டுகின்றன. குன்றுகளுக்கிடையே ஓர் அணை. அதன் பின்னே கண்ணுக்கெட்டிய தூரம் நீர்ப்பரப்பு. அதுவே சேனநாயக்க சமுத்திரம். முன்னோர் பட்டிப்பளை ஆறு என்று அழைத்த கல்லோயாவை மறித்து, 1949ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபையார் அமைத்த நீர்த்தேக்கம் இது. கரையோரத்துப் போடிமாரின் வட்டைகளில் இன்று கதிர் தலைசாய்த்து நிற்பது இந்நீரினாலேயே. நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காடு 1954ஆம் ஆண்டு தேசிய வனமாக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறக்குறைய 100 சதுர மைல்.

பிற வனங்களில் ஜீப் வண்டி புழுதி கிளப்ப விலங்குகளைத் துரத்திச் சென்று பார்ப்பது வழக்கம். இங்கே படகு. நீரின் நடுவே நின்ற குன்றுகளெல்லாம் தீவுகளாகிவிட்டன. கோடையில் நீர் வற்றவே அவற்றின் ஓரங்களில் பசும்புல் தழைக்கிறது. அப்புல்லை நாடி யானைகள் தீவுக்குத் தீவு நீந்திச் செல்கின்றன! பேருடல் முழுதும் நீருள் அமிழ்ந்திருக்க, துதிக்கையின் நுனி மட்டும் மேலே தெரியும். மாணவர்கள் இதிலே ஓர் உடலியல் நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். ஆழத்தில் நின்றுகொண்டு நீண்ட குழாயால் மேற்காற்றை இழுத்தால், நீரின் அழுத்தம் நம் மார்பை நெருக்கி நுரையீரலைச் சூழ்ந்த மெல்லிய இரத்தக் குழாய்களைச் சிதைத்துவிடும். மற்றைய பாலூட்டிகளுக்கு நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி உண்டு. யானைக்கோ அவ்விடம் உறுதியான இழையத்தால் நிரம்பியிருக்கிறது. ஆகவே அது அஞ்சாமல் மூச்சு விடுகிறது. இயற்கையன்னை நீச்சலுக்கென்றே உடல் அமைத்துக் கொடுத்த விலங்கைக் காட்டு மரக்கிளை முறிப்பதற்கு மட்டுமே உரியதாக நாம் எண்ணியிருக்கிறோம்.

இனிக் கரைக்கு வருவோம். கல்முனையும் அதனை அடுத்த ஊர்களும் ஒரே கடற்கரையில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. நாகூர் சாகுல் ஹமீது ஒலியுல்லாவின் நினைவாகக் கடற்கரைப் பள்ளிவாசலில் ஆண்டுதோறும் கொடியேற்றம் நடைபெறுகிறது. அந்நாட்களில் மணற்பரப்பெங்கும் மிட்டாய்க் கடைகளும் மக்கள் வெள்ளமும்தான். சற்று வடக்கே பாண்டிருப்பிலே திரௌபதி அம்மன் ஆலயத்தில் பாரதக் கதை சடங்காக நடந்து தீமிதிப்பில் முடிகிறது. அதற்கும் அப்பால் மருதமுனையில் கைத்தறிச் சத்தம். சாரமும் சேலையும் அங்கே நெய்யப்படுகின்றன. தெற்கே காரைதீவு, 1892ஆம் ஆண்டு விபுலானந்த அடிகள் பிறந்த ஊர். இஸ்லாமியரும் இந்துக்களுமாகிய இருசாராரும் தாய்வழியே குடி எண்ணுவதை இக்கரையிற் காணலாம். சம்பந்தம் பேசும்போது 'என்ன குடி?' என்ற கேள்வி இரு வீட்டிலும் எழும். இந்த ஒற்றுமையை வெளியூரார் அறிவதில்லை. உள்ளூராரும் அடிக்கடி மறந்துவிடுகின்றனர்.

மலைச்சாரலுக்கும் இந்நகரங்களுக்கும் தொடர்பு நீரோடு முடிந்துவிடவில்லை. நீர் மேலிருந்து கீழே வருகிறது; குப்பையோ கீழிருந்து மேலே போகிறது. அட்டாளைச்சேனையை அடுத்த பள்ளக்காட்டிலே, 2008ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் ஒரு கழிவு நிலையம் அமைக்கப்பட்டது. சுற்றுப்புற ஊர்கள் ஒன்பதின் குப்பை அங்கே சென்று குவிந்தது. மின்வேலியை 2014இல் இடி தாக்கியது, அது திருத்தப்படவில்லை. உணவின் வாசனையை மோப்பம் பிடித்த யானைகள் நாள்தோறும் வரலாயின. எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 20 யானைகள் மாண்டன என்று 2022 ஜனவரியில் செய்தி வெளியாயிற்று. இறந்த யானையின் வயிற்றைக் கிழித்துப் பார்த்த மிருக வைத்தியர்கள் கண்டது புல்லன்று, தழையன்று; பொலித்தீனும் உணவு சுற்றிய தாள்களும். சந்தையிலே மீன் வாங்கி வந்த பை, சோற்றுப் பொதி கட்டிய தாள், எல்லாம் நம் வீட்டுப் பொருள்களே.

வனங்களை அடுத்த குப்பைமேடுகளுக்கு வேலியிடப்படும், கழிவு மறுசுழற்சி செய்யப்படும் என்று 2017இல் அரசாங்கம் அறிவித்தது. ஐந்தாண்டுகள் சென்றும் அது முற்றாக நிறைவேறவில்லை. இவ்விடத்தில் ருவாண்டாவை மீண்டும் நினைக்கவேண்டியிருக்கிறது. பள்ளக்காட்டு நிலையம் தோன்றிய அதே 2008ஆம் ஆண்டில் அந்நாடு பொலித்தீன் பைகளைச் சட்டத்தால் தடைசெய்தது. விமான நிலையத்திலேயே பிரயாணிகளிடமிருந்து அவை பறிமுதல் செய்யப்படுகின்றன. மாதத்தின் இறுதிச் சனிக்கிழமை காலையில் ஊரார் கூடித் தெருவும் வாய்க்காலும் செப்பனிடுகின்றனர். 'உமுகண்டா' என்பது அதன் பெயர். தேசிய வனங்களின் வருமானத்தில் பத்திலொரு பங்கு, வனத்தை அடுத்துள்ள கிராமங்களின் பள்ளிக்கூடத்துக்கும் குடிநீருக்கும் போய்ச் சேர்கிறது. 1994ஆம் ஆண்டில் இனப்படுகொலையால் நிலைகுலைந்த நாடு அது. அங்கே அரசியல் எல்லாம் செம்மை என்று நான் சொல்லவில்லை. இதைச் செய்ய முடிந்தது என்றே சொல்கிறேன்.

யானையால் வயலை இழந்தவனிடம் யானையின் அழகைப் பேசுவது எளிதன்று. கதிர் முற்றும் காலத்தில் பரணிலே இரா முழுதும் விழித்திருந்து யானைவெடி கொளுத்துகிறவன் அவன். அவனுக்கும் பத்திலொரு பங்கு கிடைக்கும் ஏற்பாடு கல்லோயாவில் இருந்தால், காட்டைப் பற்றி அவன் பேசும் பேச்சே வேறாக இருக்கும்.

பயணத்தை நாடுவோர் மார்ச் முதல் ஜூலை வரையுள்ள காலத்தைத் தேர்ந்துகொள்ளலாம். அக்காலத்தில் யானைக் கூட்டங்கள் மிகுதி. அதிகாலைப் படகே நன்று. வனத்துறையின் வழிகாட்டி உடன் வருவார். யானை நீந்தும்போது படகை நெருக்கச் சொல்லி அவரை வற்புறுத்தலாகாது. திரும்பும் வழியில் மருதமுனையில் இறங்கித் தறிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அங்கே வாங்கும் சாரத்தை வைக்க வீட்டிலிருந்தே ஒரு துணிப்பை கொண்டுபோவது உத்தமம்.