கார் கூரைக்கு மர வில்! உளுத்தாலும் வீசாதே

வத்தலக்குண்டுப் பக்கம் கூண்டு வண்டி கட்டியவர்களுக்கு ஒரு வித்தை தெரியும். பச்சை மூங்கிலைப் பிளந்து, நெருப்பில் வாட்டி, வில்லாக வளைத்து விடுவார்கள். அதன் மேல் பாயைப் போட்டுக் கட்டினால் கூரை தயார்!

மோட்டார் கார் வந்த புதிதில் அதன் கூரையும் ஏறக்குறைய இதே கதைதான். இரும்பு வண்டி, ஆனால் தலைக்கு மேலே மர வில்! அதன் மேல் கித்தான் துணி. வேண்டும்போது விரிக்கலாம். வேண்டாதபோது மடக்கிப் பின்னால் தள்ளலாம்.

இந்த வகைக்கு "டூரிங் கார்" என்று பெயர். கதவில் கண்ணாடி கிடையாது. 1919-ம் ஆண்டில் அமெரிக்காவில் செய்த கார்களில் பத்துக்கு ஒன்பது திறந்த கார்கள்தான். அடுத்த எட்டே ஆண்டுகளில் நிலைமை தலைகீழாக மாறியது. பெரும்பாலோர் மூடிய காருக்குப் போய்விட்டார்கள்.

கோடை ரோடு பயணம்

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் ஒரு காலத்தில் கோடை ரோடு ஸ்டேஷனில் இறங்கி, மாட்டு வண்டியில் மலை அடிவாரம் போனார்கள். அங்கிருந்து டோலியிலும் குதிரையிலும் ஏறினார்கள். 1916-ல் மலைச் சாலை போக்குவரத்துக்குத் திறந்தது. மோட்டார் மேலே ஏறியது.

கீழே திண்டுக்கல் சமவெளியில் மண்டையைப் பிளக்கும் வெயில். மேலே 7 ஆயிரம் அடி உயரத்தில் திடீர் மழை. டூரிங் காரில் போகிறவருக்குக் கூரை அலங்காரம் அல்ல, உயிர்த்துணை!

கூரை போடும் தொழில் புதிதாகப் பிறந்ததும் அல்ல. குதிரை வண்டி செய்தவர்களிடம் இருந்து வந்தது அது. சென்னை சிம்ப்சன் கம்பெனி 1840-ல் தொடங்கியது. குதிரை வண்டிகளுக்குப் பேர் போனது. அங்கேதான் 1903-ல் நீராவிக் கார் ஒன்றையும் செய்து ஓட்டினார்கள்.

ஏன் மரம்?

இரும்பிலேயே வில் செய்தால் என்ன என்று தோன்றும். காரணம் சின்னது. கூரைத் துணியைச் சிறு ஆணி அடித்துத்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும். இரும்பில் ஆணி இறங்குமா?

அந்த ஆணியே மரத்துக்கு எமனும் ஆகிறது. ஆணித் துளை வழியாக மழைத் தண்ணீர் உள்ளே போகும். வில்லின் கால்கள் இரும்புக் குழலுக்குள் நிற்கும். தண்ணீர் அங்கே தேங்கும். மரம் உளுக்கும். வெளியே பார்த்தால் துணி மூடியிருக்கும், ஒன்றும் தெரியாது!

பழைய காரைப் புதுப்பிக்கிறவர்கள் பலர் செய்யும் தவறு இங்கேதான். துணியைக் கிழிக்கிறார்கள். உள்ளே உளுத்த கட்டை. "இது எதற்கு?" என்று அடுப்பில் போட்டு விடுகிறார்கள்.

போனது விறகு அல்ல, அளவு! ஃபோர்டு "டி" மாடல் போல லட்சக்கணக்கில் விற்ற காராக இருந்தால் வெளிநாட்டில் புது வில் விலைக்குக் கிடைக்கும். அபூர்வமான காருக்கு அந்த உளுத்த கட்டையை விட்டால் வேறு சாட்சி இல்லை.

தலைகீழ் "ப"

வில்லின் உருவம் "ப" என்ற எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தது போல இருக்கும். ஒரு காருக்கு மூன்று, நான்கு வில் இருக்கும். எல்லாம் ஒரே அளவு அல்ல. ஒவ்வொன்றின் காலும் வேறு நீளம். மடக்கினால் ஒன்றின் மேல் ஒன்று படுக்க வேண்டும். அரை அங்குலம் பிசகினாலும் கூரை சரியாக மடங்காது. துணி உராய்ந்து கிழியும்.

ஆகவே கழற்றுவதற்கு முன்பே அளவு எடுக்க வேண்டும். வில்லுக்கு வில் எவ்வளவு இடைவெளி, தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு உடைந்த துண்டுகளை ஒட்டவைத்து, பலகை மேல் கிடத்தி, பென்சிலால் சுற்றிக் கோடு போட வேண்டும். அதுதான் அச்சு.

அடுத்தது மரம். மேல்நாட்டில் ஆஷ் மரத்தில் செய்தார்கள். நன்றாக வளையும் மரம் அது. நம் நாட்டில் ஹாக்கி மட்டை செய்யும் முசுக்கட்டையும் நீராவிக்கு வளையும். தேக்கு நீண்ட காலம் உழைக்கும். ஆனால் மூலை திரும்பும் இடத்தில் முரண்டு பிடிக்கும். முடிச்சு இல்லாத, நேரான ரேகை உள்ள மரமாக இருக்க வேண்டியது முக்கியம்.

மரத்தை நீளப் பெட்டியில் வைத்து நீராவி ஏற்றுகிறார்கள். அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம். வெளியே எடுத்தால் அரை நிமிஷம், ஒரு நிமிஷத்துக்குள் அச்சில் வளைத்துவிட வேண்டும். சூடு ஆறினால் மரம் பிடிவாதக்காரன்!

வளைக்கும்போது வெளிப்பக்கம் இழுபட்டுப் பிளக்கும். அதைத் தடுக்க வெளிப்பக்கமாக இரும்புத் தகட்டுப் பட்டை கட்டி, அதோடு சேர்த்து வளைப்பார்கள். பிறகு நாள் கணக்கில் அப்படியே காய வேண்டும். அவசரப்பட்டு அவிழ்த்தால் பழையபடி நிமிரும்.

இந்தப் பாடு வேண்டாம் என்கிறவர்கள் மெல்லிய பட்டைகளை அடுக்கி, தண்ணீருக்கு இளகாத பசை தடவி, அச்சில் இறுக்கி விடுகிறார்கள். இது நிமிராது. சிறிய பட்டறைக்கு இதுவே தோது.

பழனி ரோட்டில்

1920-ல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே மோட்டார் ஓட்டிப் பிழைப்பைத் தொடங்கினார். பிற்காலத்தில் பெரிய தொழில் மேதையாக உயர்ந்தார். அவர் பெயரால் இயங்கும் அறநிலையம் 2015-ல் கோவையில் பழைய கார்களுக்கென்றே ஒரு காட்சிச் சாலை திறந்தது. பழனிப் பக்கத்துக் குடும்பங்கள் ஒரே நாளில் போய்ப் பார்த்துத் திரும்பலாம்.

புதுக் கூரை போட்டவர்களுக்கு இன்னும் ஒரு வேலை உண்டு. முதல் சில வாரம் அதை மடக்கக் கூடாது. துணி இழுபட்டுப் படிய வேண்டும். நனைந்த கூரையை ஒரு நாளும் மடக்கக் கூடாது. வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகே மடக்க வேண்டும். வெயிலுக்குத் திண்டுக்கல்லில் பஞ்சம் இல்லை!

விவரம் தெரிந்தவர்கள் கழற்றிய பழைய வில்லையும் விடுவதில்லை. எது முன், எது பின் என்று எண் எழுதி, கட்டாகக் கட்டிப் பரணில் ஏற்றி விடுகிறார்கள்.