முகச் சுருக்கமும் ஊசி மருந்தும்

வயது ஏற ஏற முகத்தில் கோடு விழத்தான் செய்யும். அதை ஊசியால் நிரப்பிவிடும் ஆசை புதிதன்று. பேரழகி என்று ஐரோப்பாவில் பெயர் பெற்றிருந்த கிளாடிஸ் டீகன் என்னும் அமெரிக்கச் சீமாட்டி, 1903-ஆம் ஆண்டையொட்டி, மூக்கைத் திருத்தப் பாரபின் மெழுகை ஏற்றிக்கொண்டார். இருந்த அழகுக்கு என்ன குறை வந்ததோ! மெழுகு நழுவித் தாடைக்கு இறங்கிற்று.

இக்காலத்தில் பெரும்பாலும் செலுத்துவது ஹயலூரானிக் அமிலம். நம் தோலிலேயே உள்ள பொருள். மாதக் கணக்கில் தானே கரையும்; அவசியமானால் ஹயலூரானிடேஸ் என்னும் மருந்தால் கரைத்தும் விடலாம். சிலிகோனுக்கு இவ்வசதி இல்லை. ஆயினும், செலுத்திய பொருள் இரத்தக் குழாயை அடைத்துக்கொண்டால் தோல் அழுகும். அபூர்வமாகக் கண் பார்வையே போவதுண்டு. போன பார்வை மீள்வது அரிது. ஆகவே அழகு நிலையத்தாரிடம் முகத்தை ஒப்படைப்பது விபரீதம். தேர்ந்த சரும வைத்தியரிடம் போனாலும், கரைக்கும் மருந்து கைவசம் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.