தட்டு ஓரத்துக்குப் போன கேரட்

போன வாரம் திருக்காட்டுப்பள்ளிக்குப் போயிருந்தேன். அக்கா பையனுக்கு நாலு வயசு, பால்வாடிக்குப் போறான். பால்வாடின்னா நம்ம அங்கன்வாடிதான். வீட்ல சாம்பார் சாதம் போட்டா, கேரட்டை ஒண்ணொண்ணா பொறுக்கி தட்டு ஓரத்துல வெச்சிடறான். "பால்வாடியில மட்டும் சாப்பிடறானாம்டா. நான் சமைக்கறதுல என்ன குறை?"ன்னு அக்கா கேட்டா. அதுக்கான பதில்தான் இந்த எபிசோட்.

குறை சமையல்ல இல்ல. ரெண்டுல இருந்து ஆறு வயசு வரைக்கும் நிறைய குழந்தைங்களுக்குப் புது சாப்பாட்டைப் பார்த்தா ஒரு தயக்கம் இருக்கும். நடக்க ஆரம்பிச்ச குழந்தை கண்ணுல பட்டதையெல்லாம் வாயில போட்டுக்காம இருக்க இயற்கை வெச்ச காவல் அதுன்னு ஆராய்ச்சியாளர்கள் விளக்கறாங்க. இனிப்பு பிறக்கும்போதே பிடிக்கும். கசப்பும் கீரை வாசனையும் பழகித்தான் பிடிக்கணும்.

எப்படிப் பழகறது? 1982-க்குப் போவோம். ஜூலை 1-ம் தேதி, திருச்சி பக்கத்துல பாப்பாக்குறிச்சியில எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பள்ளிக்கூடப் பிள்ளைங்களோட பால்வாடிக் குழந்தைங்களுக்கும் மதியச் சாப்பாடு கிடைச்சது. அதே வருஷம் அமெரிக்காவுல லியன் பர்ச், டயேன் மார்லின் ரெண்டு பேரும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ரெண்டு வயசுக் குழந்தைங்களுக்கு அதுவரை சாப்பிடாத சீஸ், பழம் எல்லாம் கொடுத்தாங்க. சிலதை ரெண்டு தடவை, சிலதை இருபது தடவை. எதை அதிக தடவை ருசி பார்த்தாங்களோ, அதுவே அதிகமா பிடிச்சுது. பிறகு காய்கறியை வெச்சு நடந்த ஆய்வுகள்லயும் இதேதான்: எட்டு, பத்து தடவைக்கு மேலகூட ஆகலாம்.

நாம என்ன பண்றோம்? மூணாவது தடவையே "இவனுக்குப் பிடிக்காது"ன்னு முடிவு கட்டிடறோம். கோடு எழுதறவங்க பாஷையில சொன்னா, ரீட்ரை லிமிட்டை ரொம்பக் கம்மியா வெச்சிருக்கோம்.

சரி, பால்வாடியில மட்டும் ஏன் சாப்பிடறான்? இதுக்கும் பர்ச் 1980-ல செஞ்ச ஒரு ஆய்வு இருக்கு. ஒரு காயை விரும்பற குழந்தையை, வேற காயை விரும்பற மூணு நாலு குழந்தைங்களோட நாலு நாள் சாப்பிட உட்கார வெச்சாங்க. நாலாவது நாள், பல குழந்தைங்க கூட்டாளிங்க எடுத்த காயையே எடுத்தாங்க. பால்வாடியில தினமும் நடக்கறது இந்தப் பந்திதான். வீட்ல அவன் தனியா, டிவி முன்னாடி.

அக்கா ரெண்டு வழி வெச்சிருந்தா. ஒண்ணு, இட்லி மாவுல கேரட்டை அரைச்சுக் கலக்கறது. சத்து உள்ள போகும், தப்பில்ல. ஆனா கேரட்டோட அவனுக்குப் பழக்கமே ஆகாது. இன்னொண்ணு, "கேரட் சாப்பிட்டா சாக்லேட்". இதுல கேரட் தண்டனை, சாக்லேட் பரிசுன்னு அவனே கணக்குப் போட்டுக்குவான்.

அதுக்குப் பதிலா: நல்லா வேகவெச்ச காய், கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒரே ஒரு துண்டு. தொட்டுப் பார்க்கட்டும், நக்கிட்டுத் துப்பினாலும் திட்டாதீங்க. நீங்களும் பக்கத்துல உட்கார்ந்து அதையே சாப்பிடுங்க. ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் வைங்க. கீரை ஆய, மொச்சை உரிக்க அவனையும் கூப்பிடுங்க. குடமுருட்டிக் கரையில வாழை இருக்கிற ஊர்ல, வாழைத்தண்டுல நார் எடுக்கறதே ஒரு விளையாட்டு.

ஒண்ணு மறக்கக் கூடாது. பால்வாடியில டீச்சர் ஒருத்தர், ஆயா ஒருத்தர், குழந்தைங்க ஒரு கூட்டம். ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் உட்கார்ந்து பழக்க அவங்களால முடியாது. அங்க ஆரம்பிச்சதை வீடுதான் தொடரணும். அதனால சாயங்காலம் கூட்டிட்டு வரும்போது "சாப்பிட்டானா?"ன்னு மட்டும் கேட்காதீங்க. "இன்னைக்கு என்ன காய்?"னு கேளுங்க. அதையே அந்த வாரத்துல வீட்லயும் ஒரு நாள் சமைங்க.

அக்கா இப்போ ஆறாவது தடவைல இருக்கா. கேரட் இன்னும் ஓரத்துலதான். ஆனா நேத்து அதுல ஒரு கடி இருந்துச்சாம்.