ஆளிருந்தும் வேலை தேங்குவதேன்?



கைப்பேசி வாங்க விழையும் நம் பிள்ளைகள், "இதில் எட்டு கோர் உண்டு" என்று பெருமை பேசக் கேட்டிருப்பீர்கள். கோர் என்பது பிராசஸரினுள் இருந்து கணக்குகளைச் செய்யும் அங்கம். எட்டு கோர் என்பது எட்டுப் பணியாளருக்கு ஒப்பாகும். ஆயின், வேலைப் பங்கீடு பிழைபடின் எண்மர் இருந்தும் பயன் குன்றும்.

இரயில்வே எழுத்தனாகிய எனக்கு இஃது அனுபவ உண்மை. ஒரு நிலையத்தில், படிக்கட்டருகே இருந்த பயணச்சீட்டுச் சாளரத்தின்முன் முப்பது பேர் நின்றனர். தூணுக்கு அப்பாலிருந்த சாளரத்தில் நான் வாளாவிருந்தேன். வரிசையில் நின்ற ஓர் அம்மையார் வண்டியைத் தவறவிட்டார். அவருக்கு அரைநாட் கூலி போயிற்று.

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கும் அடிப்படையான லினக்ஸ் மென்பொருளிலும் இக்குறை நேர்ந்ததுண்டு. எல்லா கோர்களும் ஒரே வரிசையை நாடினால் ஒன்றுக்கொன்று இடையூறாகும் என்பதால், அது ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை வைத்து, அவற்றை அவ்வப்போது சமன்செய்கிறது. அச்சமன்செய்தலில் நான்கு பிழைகள் இருந்ததை 2016இல் ஆய்வாளர் சிலர் வெளிப்படுத்தினர். ஒரு கோரின்முன் வேலைகள் காத்திருக்க, மற்றொன்று சும்மா இருந்ததாம்!

வேலைகளை எடுக்கும் முறையும் முக்கியமன்றோ? பலகாரம் சுட 2 மணி, துணி துவைக்க 1 மணி, மாதுங்கா சந்தைக்குச் சென்றுவர 1 மணி எனக் கொள்வோம். கணவனும் மனைவியும் சிறுவேலைகளை முதலில் முடித்துவிட்டு, பின்னர் ஒருவர் பலகாரம் சுடத் தொடங்கினால், எல்லாம் முடிய 3 மணியாகும். ஒருவர் முதலிலேயே அடுப்பை மூட்ட, மற்றவர் ஏனைய இரண்டையும் பார்த்தால், 2 மணியே போதும். பெல் ஆய்வகத்து ரொனால்ட் கிரஹாம் 1966இல் இதனைக் கணிதவழி ஆராய்ந்தார். ஒரு வேலை மற்றொன்றை எதிர்நோக்கியிருக்கும் இடங்களில், ஆளைக் கூட்டினாலும் சில வேளை நேரம் நீளும் என்றும் அவர் காட்டினார்.

காலந்தவறினால் பயனற்றுப்போகும் வேலைகளைப் பல பிராசஸர்களுக்குப் பங்கிடும் முறையொன்றை, சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ஜி. மணிமாறன், சி. சிவராம் மூர்த்தி ஆகிய இருவரும் 1998இல் வெளியிட்டனர். வேண்டுமாயின் ஒரே வேலையைப் பிரித்தளித்தேனும் குறித்த காலத்துள் முடிப்பது அம்முறை.

இன்னுமோர் எளிய வழியும் கணிப்பொறியில் உண்டு: ஓய்ந்திருக்கும் கோர் அண்டை வரிசையிலிருந்து தானே வேலையை இழுத்துக்கொள்ளும். அந்த அம்மையாரைக் கண்ட நாள்முதல் நானும் அவ்வாறே செய்கிறேன். என் சாளரம் வெறிச்சோடினால் எழுந்து, "இதர் ஆயியே" என்று உரக்க அழைக்கிறேன். நம் இல்லங்களிலும் ஒருவர் அடுப்படியில் வாடும்போது ஓய்ந்திருப்பவர் எழுந்து சென்றால், அதுவும் நற்பங்கீடேயாகும்.