சிக்னல் அறுந்தாலும் ஓடும் படகு

வானொலியில் எங்களுக்குப் பெரிய பயம் மௌனம்தான். ஒலிபரப்பு அறுந்து நாலு விநாடி சத்தமே வரவில்லை என்றால் வயிற்றைக் கலக்கிவிடும். பெட்ரோலில் ஓடும் ரிமோட் படகில் கதை தலைகீழ். அங்கே சிக்னல் அறுந்தாலும் சத்தம் நிற்காமல் போகலாம். கடைசியாக எந்த வேகத்தில் போனதோ, அதே வேகத்தில் படகு கரையை நோக்கி வந்துகொண்டிருக்கும்.

பிள்ளைகளுக்குப் பேட்டரிப் படகு வாங்கித் தந்த அப்பாக்கள் சிலருக்கு அடுத்த ஆசை இதுதான். ஆசைப்படலாம், தப்பில்லை. ஆனால் இது பொம்மை இல்லை. 26 சிசி எஞ்சின், ஒரு மீட்டருக்கு மேல் நீளம், சில கிலோ எடை, மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டும் வேகம், கத்திபோல் தீட்டிய உலோக புரொப்பல்லர். பிரேக் மட்டும் கிடையாது.

ஆகவே, எஞ்சினைத் தொடும் முன் 'ஃபெயில்சேஃப்' வேலை செய்கிறதா என்று பாருங்கள். சிக்னல் போனதும் ரிசீவர் தானாகவே திராட்டலை மூடிவிடும் ஏற்பாடு இது. புது ரிமோட்டில் இது இருக்கும் என்று கடைக்காரர் சொல்வார். இருக்கும், ஆனால் சரியாக அமைக்கப்பட்டிருக்க வேண்டுமே! சில ரிசீவர்கள், நாம் மாற்றும்வரை, கடைசி நிலையையே பிடித்துக்கொண்டிருக்கும். சோதிப்பது சுலபம். படகைத் தாங்கியில் வைத்து, எஞ்சினை முடுக்காமல், முதலில் ரிமோட்டையும் பிறகு ரிசீவரையும் போடுங்கள். திராட்டலைப் பாதிவரை திறந்து, அப்படியே ரிமோட்டை அணைத்துவிடுங்கள். கார்ப்பரேட்டரை இழுக்கும் சர்வோ உடனே மூடும் நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லையா? அன்று படகு தண்ணீரில் இறங்கக் கூடாது.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. ரிசீவரின் பேட்டரியே செத்துவிட்டால், திராட்டலை மூட சர்வோவுக்குச் சக்தி இருக்காது. ஒவ்வொரு முறையும் முழுதாகச் சார்ஜ் செய்வது அதற்காகத்தான். எஞ்சினின் மின்பொறியைத் துண்டிக்கும் தனி 'கில் சுவிட்ச்' பொருத்தினால் இன்னும் நல்லது. என்னைக் கேட்டால், பளபளப்பான பெயின்ட்டுக்குச் செலவழிப்பதை இதற்குச் செலவழிக்கலாம்.

எரிபொருளைக் கண்ணளவில் கலக்காதீர்கள். 25க்கு 1 என்று கையேடு சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லிலிட்டர் டூ-டி எண்ணெய். சிறிய படகுகளுக்கான நைட்ரோ எரிபொருளில் மெத்தனால் இருக்கிறது. அதன் தீப்பிழம்பு பகல் வெயிலில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. நிரப்பும் இடத்துக்குப் பக்கத்தில் சிகரெட்டும் வேண்டாம், பிள்ளைகளும் வேண்டாம்.

எஞ்சினைக் குளிர்விப்பது குளத்துத் தண்ணீர்தான். படகு ஓடும்போது குழாய் வழியே ஏறி, எஞ்சினைச் சுற்றி, பக்கவாட்டுத் துளையில் பீச்சி வெளியேறும். அந்தப் பீச்சல் நின்றால் உடனே கரைக்குக் கொண்டுவாருங்கள். தாங்கியில் வைத்து எஞ்சினைச் சில விநாடிகளுக்கு மேல் ஓட்டாததும் இதே காரணத்தால்தான். புரொப்பல்லர் தண்டுக்கு கிரீஸ், மேல்மூடிக்குத் தண்ணீர் புகாத டேப், கவிழ்ந்தாலும் மிதக்க உள்ளே போதிய நுரைத்துண்டுகள். இவை இல்லாமல் கிளம்பாதீர்கள்.

நம் ஊரில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும் இடம் பழைய ஈயக்குட்டை. அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீந்துபவர்கள், தூண்டில் போடுபவர்கள் இருந்தால் வேறு நாள் பாருங்கள். அதைவிடப் பெரிய ஆபத்து, நடுக்குட்டையில் எஞ்சின் நின்றுபோகும் தருணம். ஆயிரக்கணக்கான ரிங்கிட் கண்முன்னே மிதக்கும்போது, சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கத் தோன்றும். ஈயக்குட்டையில் கரையை விட்டு இரண்டடி வைத்தாலே திடீரென ஆழம் வரலாம். இறங்காதீர்கள். தூண்டில் கயிற்றில் டென்னிஸ் பந்தைக் கட்டி, படகுக்கு அப்பால் வீசி மெதுவாக இழுங்கள். எட்டாவிட்டால் காற்று அதைக் கரைக்குத் தள்ளும்வரை காத்திருங்கள்.

கிளம்பும் முன் டேங்கைக் காலி செய்யுங்கள். மீந்த பெட்ரோலை அதற்கென உள்ள கேனில் ஊற்றி இறுக மூடுங்கள், தண்ணீர் போத்தலில் வேண்டாம். வழியில் சாப்பிட நிறுத்தினால், அந்தக் கேன் வெயிலில் நிற்கும் காருக்குள் இருக்கிறது என்பதை மறந்துவிட்டு இரண்டாவது தே தாரிக் சொல்லாதீர்கள்.