பாட்டன் போன கப்பல். பேரன் போகும் கப்பல்!

புதுக்கோட்டைச் சீமையில் ஒருவர் "கப்பல் ஏறிவிட்டார்" என்றால், ஒரு காலத்தில் மலேயாவுக்குப் பிழைக்கப் போய்விட்டார் என்று பொருள். அவர் திரும்பி வர ஐந்து வருஷம் ஆகலாம். பத்து வருஷமும் ஆகலாம். வராமலே போனவர்களும் உண்டு.

இன்றைக்குக் கப்பல் ஏறுகிறவர்கள் மூன்றாம் நாளோ, ஐந்தாம் நாளோ வீடு திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் பிழைக்கப் போகவில்லை. கடலைப் பார்க்க, பணம் கொடுத்து, பெண்டு பிள்ளைகளோடு போகிறார்கள்! இதற்கு உல்லாசக் கப்பல் பயணம் என்று பெயர்.

அந்தப் பயணம் எப்படி இருக்கும்?

மிதக்கும் ஊர்

புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் கடற்கரை உண்டு. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் எல்லாம் கடலோர ஊர்கள்தான். ஆனால் அங்கே கடலில் ஆழம் குறைவு. பெரிய கப்பல் எட்டிப் பார்க்காது. ஆகவே இரவு ரெயில் ஏறிச் சென்னைக்குப் போக வேண்டும்.

2022-ம் ஆண்டு ஜூன் 4-ந்தேதி, 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பலின் பயணத்தைச் சென்னைத் துறைமுகத்தில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். 1990-ல் கட்டப்பட்ட இந்தக் கப்பலின் நீளம் ஏறத்தாழ 700 அடி. 11 அடுக்குகள். 1,500 பேருக்கு மேல் பயணம் செய்யலாம். நம் பக்கத்துச் சிறிய கிராமம் ஒன்றையே தூக்கி உள்ளே வைத்துவிடலாம்!

விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று அதன் பயணங்கள் அமைந்தன. 2023 ஜூனில் இலங்கைக்கும் போனது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இடங்களைத் தொட்டது. ஆண்டு முழுவதும் சென்னையிலேயே நிற்கும் கப்பல் அல்ல இது. அரபிக்கடல் கொந்தளிக்கும் பருவக்காற்று மாதங்களில்தான் பெரும்பாலும் இந்தப் பக்கம் வந்தது.

ஒரே ஒரு அட்டை

துறைமுகத்தில் விமான நிலையத்தைப் போலவே சோதனை நடக்கும். பெட்டியில் சீட்டுக் கட்டி வாங்கிக்கொள்வார்கள். அது அறை வாசலுக்கே வந்து சேரும். கையில் ஒரு அட்டை கொடுப்பார்கள். அறைக் கதவுக்குச் சாவி அதுதான். கப்பலில் வாங்குவதையெல்லாம் கணக்கு எழுதுவதும் அதுதான். இங்கேதான் கவனம் வேண்டும்! சாப்பாடு பெரும்பாலும் கட்டணத்திலேயே அடங்கும். ஆனால் குடிவகை, இன்டர்நெட், கரையில் ஊர் சுற்றிக்காட்டுவது ஆகியவற்றுக்குத் தனிக் காசு. சூதாட்டக் கூடமும் உண்டு. அந்தத் திசைக்கே போகாமல் இருப்பது குடும்பத்துக்கு நல்லது.

அறையிலும் தரம் உண்டு. விலை குறைந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. விளக்கை அணைத்தால் பகலும் இரவுதான். ஜன்னல் வைத்த அறை அடுத்த விலை. நாற்காலி போட்டு உட்காரப் பால்கனி உள்ள அறை அதற்கும் மேல்.

ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும், உயிர்காப்புச் சட்டையை எப்படி மாட்ட வேண்டும் என்று ஒரு பயிற்சி நடக்கும். பலர் இதை வேடிக்கை என்று நினைக்கிறார்கள். வேடிக்கை அல்ல.

வயிற்றுக்குள் சண்டை

கரை மறைந்ததும் செல்போன் ஊமையாகிவிடும். சிலருக்குத் தலை சுற்றும், குமட்டும். காதுக்குள் இருக்கும் உறுப்பு "ஆடுகிறோம்" என்கிறது. அறைச் சுவரைப் பார்க்கும் கண்ணோ "ஆடவில்லை" என்கிறது. இந்தச் சண்டையில் வயிறு கலங்குகிறது. மேல்தளத்துக்கு வந்து, வானமும் கடலும் சேரும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் சண்டை அடங்கும். அறை எடுக்கும்போதே கீழ் அடுக்கில், கப்பலின் நடுப்பகுதியில் கேட்டு வாங்கினால் ஆட்டம் குறைவாகத் தெரியும்.

ஆட்டமும் பாட்டும் நீச்சல் குளமும் உள்ளே இருக்கின்றன. அவை கரையிலும் கிடைக்கும். கரையில் கிடைக்காதது விடியற்காலையில் கிடைக்கும். நாலு பக்கமும் தண்ணீர். நடுவில் சூரியன் எழும். இதைத் தூங்கிக் கழித்தவருக்குக் கொடுத்த காசில் பாதி நஷ்டம்.

ரஜூலா

அந்தச் சூரியனைப் பாட்டன்மார் காசில்லாமலே பார்த்தார்கள். அவர்கள் படுத்திருந்ததே மேல்தளத்தில்தான்!

அவர்கள் போன கப்பல் 'ரஜூலா'. ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டு 1926-ல் ஓடத் தொடங்கியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ 50 ஆண்டுகள் தமிழர்களைச் சுமந்தது. தொடக்கத்தில், அறை இல்லாத தளப் பயணிகள் மட்டுமே ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் போக அனுமதி இருந்தது. எம்பிரஸ் கப்பலை விடச் சிறிய கப்பலில், அதைப் போல மூன்று மடங்கு ஜனம்!

பாய் விரித்த இடம்தான் வீடு. தகரப் பெட்டிதான் எல்லைச் சுவர். ஒரு வாரம் அப்படியே போகும். அம்மை, காலரா என்று சந்தேகம் வந்தால், பினாங்கு பக்கத்தில் ஜெரஜாக் தீவில் இறக்கிக் காவலில் வைத்துவிடுவார்கள்.

அறந்தாங்கிப் பக்கத்து உழவர்கள், கோட்டைப்பட்டினம் முஸ்லிம்கள், ராயவரம், விராச்சிலை நகரத்தார் என எல்லோருக்கும் நாகப்பட்டினம்தான் வாசல். அங்கே பெரிய கப்பல் கரையை அணைய முடியாது. கடலுக்குள் தள்ளி நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். தாயும் மனைவியும் கரையிலேயே நின்றுவிடுவார்கள். படகு சிறுத்துச் சிறுத்து மறையும் வரை அழுகைதான்.

2025 ஜூலையில் புதுச்சேரிக்கு உல்லாசக் கப்பல் வந்தபோதும், கடலில் தள்ளி நின்று பயணிகளைச் சிறு படகுகளில்தான் கரை சேர்த்தது. அவர்கள் படகில் செல்பி எடுத்துக்கொண்டு வந்தார்கள்!

ரஜூலாவுக்குப் பின் 'சிதம்பரம்' கப்பல் வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் மாண்டனர். அதோடு அந்தத் தடமும் முடிந்தது.

கை கடிக்காத வழி

உல்லாசக் கப்பலுக்கு ஆளுக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். குடும்பத்தோடு போவது எல்லோருக்கும் இயலாது. கடலைக் கடந்து பார்க்க ஆசைப்படுவோருக்கு, பாட்டன்மாரின் அந்த நாகப்பட்டினத்திலேயே இன்னொரு வழி பிறந்தது. அங்கிருந்து யாழ்ப்பாணம் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14-ந்தேதி பயணிகள் கப்பல் விடப்பட்டது. சில நாட்களிலேயே நின்றது. 2024 ஆகஸ்டில் வேறு கப்பலோடு மீண்டும் தொடங்கியது. சுமார் நான்கு மணி நேரப் பயணம். ஆட்டம் பாட்டம் இல்லை. நாற்காலி இருக்கை மட்டும். பாஸ்போர்ட் கட்டாயம். வானிலை கெட்டால் நிறுத்திவிடுவார்கள் என்பதால், புதுக்கோட்டையில் பஸ் ஏறும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

2024-ல் வந்த அந்தக் கப்பலுக்கு வைத்த பெயர் 'சிவகங்கை'. பக்கத்து மாவட்டத்தின் பெயர்!